ஆள் வந்தால் தோகை விரிக்கும் மயில்

நம் மொரீஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சித்திரை வருஷப்பிறப்புக்கு அவர்களுடைய இளைஞர் குழு ஒரு கண்காட்சி வைக்கிறது. யாராவது பக்கத்தில் வந்தால் தோகை விரிக்கிற உலோக மயில் ஒன்றை அதில் நிறுத்த ஆசை. இந்த மாதிரிச் சிற்பத்தைத்தான் ‘இன்டராக்டிவ் டிஜிட்டல் சிற்பம்’ என்கிறார்களாமே, கிட்டப் போனால் தானாக எரிகிற வாசல் விளக்குக்கும் இதற்கும் என்ன வித்தியாசம், எங்களால் செய்ய முடியுமா என்பது கேள்வி.

முடியும். சாமான்கள் இப்போது மலிவு, ஆர்டுயினோ (சின்ன நிரல் பலகை) தெரிந்த பையன் தெருவுக்கு ஒருவன் இருக்கிறான். ஆனால் வாசல் விளக்கைப் பற்றிய கேள்விதான் கஷ்டமானது. அதற்கு விடை தெரியாமல் செய்தால், உங்கள் மயிலும் கடைசியில் தோகை வைத்த வாசல் விளக்காகத்தான் நிற்கும்.

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை நினைத்துப் பாருங்கள். விரலால் ஒரு தட்டு தட்டுகிறோம். விரலை எடுத்த பிறகும் அது ஆடிக்கொண்டே இருக்கிறது. தலை ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம், ஒன்றுக்கொன்று சற்றுப் பிந்தி ஆடி, மெல்ல மெல்ல அடங்குகிறது. நாம் கொடுத்தது ஒரு நொடி, அது திருப்பித் தருவது அரை நிமிடம். வாசல் விளக்கில் இது கிடையாது. ஆள் வந்தால் எரியும், போனால் அணையும். பார்க்கிறவருக்குப் பதில் சொல்கிற சிற்பம் எதுவானாலும், உள்ளே எவ்வளவு எலெக்ட்ரானிக்ஸ் இருந்தாலும், நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: அதற்கென்று ஒரு நேரம் இருக்கிறதா? தயங்குகிறதா, யோசிக்கிறதா, அலுத்துப் போகிறதா?

கொல்லிப்பாவை கதையும் நம்மிடம்தான் இருக்கிறது. கொல்லி மலையில் நிற்கும் பாவை, ஆள் வாடை பட்டதும் சிரிக்குமாம், அந்தச் சிரிப்பில் மயங்கிக் கிட்டப் போனவன் திரும்ப மாட்டானாம். வருகிறவரை உணர்கிற சிலையை அந்தக் காலத்திலேயே கற்பனை செய்துவிட்டார்கள். சென்சார் மட்டும்தான் பாக்கி.

சென்சாரோடு வந்தவற்றில் முதலில் சொல்ல வேண்டியது 1956-ல் நிக்கோலா ஷோஃபேர் பாரிஸில் செய்த சிஸ்ப் 1. ஃபிலிப்ஸ் பொறியாளர்கள் கை கொடுத்தார்கள். எஃகுச் சட்டமும் சுழலும் வண்ணத் தகடுகளும் கொண்ட உருவம், அடியில் சக்கரம். ஒளி, நிறம், சத்தம் மூன்றையும் ஒளியை உணரும் ஃபோட்டோசெல்லாலும் மைக்காலும் வாங்கிக்கொண்டு நகரும், திரும்பும். அதே வருஷம் மர்ஸேயில் மொரிஸ் பெஜாரின் நடனக்காரர்களோடு அதையும் ஒரு மொட்டைமாடியில் ஆடவிட்டார்கள்.

எனக்குப் பிடித்தவர் எட்வர்ட் இஹ்னாட்டோவிச். போலந்தில் பிறந்து இங்கிலாந்தில் வேலை செய்தவர். 1968-ல் லண்டனில் கணினியும் கலையும் சேர்ந்த பெரிய கண்காட்சி ஒன்று நடந்தது. அதில் ‘சாம்’ என்ற சிற்பத்தை வைத்தார். முதுகெலும்பு மாதிரி அடுக்கடுக்கான தண்டு, அதன் மேல் பூ மாதிரி விரிந்த ஃபைபர்கிளாஸ் குழி, நடுவில் நான்கு மைக். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் தலையைத் திருப்பும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஆனால் எல்லாச் சத்தத்துக்கும் திரும்பாது, நிதானமான, நீடித்த ஓசைக்குத்தான் திரும்பும். அதனால் ஜனங்கள் அதன் முன்னால் நின்று, எந்தக் குரலில் கூப்பிட்டால் திரும்புகிறது என்று மணிக்கணக்கில் முயன்று பார்த்தார்கள். வாசல் விளக்கின் முன்னால் யாராவது அப்படி நிற்பார்களா?

இரண்டு வருஷம் கழித்து, 1970-ல், நெதர்லாந்தின் ஐண்ட்ஹோவனில் ஃபிலிப்ஸ் நிறுவனத்தின் எவோலுவான் கண்காட்சிக் கூடத்துக்காக அவர் செய்ததுதான் ‘சென்ஸ்டர்’. கணினியால் இயங்கிய முதல் சிற்பம் என்று பலரும் சொல்வது இதை. நீளம் நாலரை மீட்டருக்கு மேல். சிங்கி இறாலின் கொடுக்கு எப்படி மடங்கி நீள்கிறது என்று பார்த்து, ஆறு மூட்டுகளை ஹைட்ராலிக்கில் அமைத்தார். தலையில் மைக்குகள், அசைவைப் பிடிக்க இரண்டு ராடார். மெல்லப் பேசினால் தலையை நீட்டிக் கிட்டே கொண்டுவரும். கத்தினாலோ, வேகமாகக் கையை வீசினாலோ பின்வாங்கிக்கொள்ளும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக வந்து ஆர்ப்பாட்டம் செய்யும்போது, யானை உயரத்துக்கு நிற்கிற அந்த இரும்பு மிருகம் ஒதுங்கிப் போனால் பார்க்கிறவருக்குப் பரிதாபமாகத்தானே இருக்கும்? கணினியின் நினைவாற்றலோ, கணினிக் கணக்கில் சொன்னால், சில ஆயிரம் ‘சொற்கள்’ (இரண்டிரண்டு பைட்) தான், இன்றைக்கு நீங்கள் வாங்கப்போகிற விரல் அகலப் பலகையோடு ஒப்பிடக்கூடிய அளவு. நிரலும் சின்னதுதான். அப்படியும் உயிர் இருப்பதாக ஜனங்கள் நம்பினார்கள். அசைவின் வேகம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும்படி அவர் தனியாக ஒரு சுற்று வைத்திருந்தார். பாதி மாயம் அதில்தான்.

1994-ல் ஜெஃப்ரி ஷா செய்தது வேறு வகை. அறையில் ஒரு வெறும் பீடம், மேலே ஒன்றும் கிடையாது. பக்கத்தில் கையில் பிடிக்கிற ஒரு திரை. அதைத் தூக்கி பீடத்தின் பக்கம் பிடித்தால் மேலே பொன் கன்றுக்குட்டி நிற்கிறது. நீங்கள் சுற்றி நடந்தால் அதன் பின்பக்கம் தெரிகிறது, குனிந்தால் வயிறு தெரிகிறது. அதன் மினுமினுப்பான தோலில் அந்த அறையே பிரதிபலிக்கிறது. இதில் அசைவது சிற்பம் அல்ல, பார்க்கிறவர். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு ஆள் வெறும் பீடத்தின் முன்னால் குனிந்து குனிந்து எழுந்துகொண்டிருப்பார். பொன் கன்றை வணங்கின பைபிள் கதை தெரிந்தவர்களுக்கு அந்தக் காட்சியே போதும். இன்றைக்கு அதையே போனில் செய்துவிடலாம், செலவும் குறைவு. உங்கள் கண்காட்சிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஒரு ஹாலில் அறுபது பேர் ஆளுக்கொரு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றால், பக்கத்தில் இருக்கிறவர் முகத்தைக் கூட யாரும் பார்க்க மாட்டார்கள்.

இன்னும் மூன்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், யூடியூபில் தேடிப் பாருங்கள். டேனியல் ரோஸினின் மரக் கண்ணாடி, 1999: 830 மரத்துண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட்டார், முன்னால் நிற்கிறவரின் உருவத்தை மரத்தின் நிழலிலேயே காட்டும். ரஃபேல் லோஸானோ ஹெம்மரின் ‘பல்ஸ் ரூம்’, 2006: கைப்பிடியைப் பிடித்தால் உங்கள் இதயத் துடிப்புக்கு ஒரு பல்பு மினுக்கும், அடுத்த ஆள் வந்து பிடித்தால் உங்கள் துடிப்பு அடுத்த பல்புக்குத் தள்ளிப்போகும், நூறு பேர், இருநூறு பேர் துடிப்பு கூரையில் தொங்கும், கடைசியில் இருந்தது விழுந்து மறையும். 2012-ல் லண்டனில் வைத்த மழை அறை: நீங்கள் நிற்கிற இடத்தில் மட்டும் மழை நின்றுவிடும், ஓடினால் நனைவீர்கள். மெதுவாக நட என்று அறைக்குள் யாரும் எழுதி ஒட்டவில்லை, தண்ணீரே கற்றுக்கொடுக்கிறது.

நம் ஊரிலேயே ஒன்று இருக்கிறது. போர்ட் லூயிஸ் கோதானில் இருக்கிற புளூ பென்னி மியூசியத்துக்குப் போயிருப்பீர்கள். நாவலில் வருகிற ‘போல்’, ‘வெர்ஜினி’ ஜோடிக்குப் புரோஸ்பேர் தெப்பினே செதுக்கிய சிலை அங்கேதான் இருக்கிறது. நான் சொல்ல வந்தது அங்கே இருக்கிற, 1847-ல் வெளியான நம் நாட்டுத் தபால்தலைகளைப் பற்றி. வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும் என்பதால் அசல் தலைகளுக்கு மணிக்கு ஒருமுறை சில நிமிடம் மட்டும்தான் விளக்குப் போடுகிறார்கள். அந்த நேரத்துக்காக ஜனங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இதில் சென்சார் எதுவும் இல்லை, யார் வந்தாலும் அது கண்டுகொள்ளாது. ஆனாலும் அந்த விளக்கு எரியும்போது ஹாலில் எல்லாரும் ஒரே மூச்சாகக் குனிவார்கள் பாருங்கள், காத்திருக்க வைப்பதன் பலம் அது. உங்கள் மயில் உடனே விரித்துவிட்டால் அந்தப் பலம் போய்விடும்.

சரி, வேலைக்கு வருவோம்.

ஆள் வந்ததை எப்படி அறிவது? கடையில் போய்க் கேட்டால் முதலில் கையில் கொடுப்பது பி.ஐ.ஆர் சென்சார், வெள்ளைக் குமிழ் வைத்தது. வாசல் விளக்கில் இருப்பதும் அதுதான். உடம்புச் சூடு நகர்வதைப் பிடிக்கும், ஏழு மீட்டர் வரை எட்டும். அதை நம்பி நான் ஒருமுறை மானம் போனேன். தைப்பூசக் காவடிக்கு முந்தின வாரம், பிப்ரவரி வெயில், தகரக் கூரை போட்ட ஒரு ஹால். செம்பில் செய்த குத்துவிளக்கு ஒன்று, ஆள் வந்தால் திரி திரியாக எல்.ஈ.டி. ஏற வேண்டும். காலையில் ஒழுங்காக வேலை செய்தது. பதினோரு மணிக்குமேல் யார் வந்தாலும் அசையவில்லை. அந்தச் சென்சார் பார்ப்பது சூட்டின் வித்தியாசத்தை. ஹாலுக்குள் 34 டிகிரி, மனுஷன் தோலும் ஏறக்குறைய அதே சூடு, அப்புறம் எந்த வித்தியாசத்தைப் பார்க்கும்? மூலையில் மின்விசிறி ஒன்று ஜன்னல் திரையை ஆட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலில் வெயில் ஏறின திரைக்கு மட்டும் என் விளக்கு விழுந்து விழுந்து மரியாதை செய்தது. கோயில் பெரியவர் ஒருவர், “திரைக்குப் பின்னால் யாரோ இருக்காங்க போல” என்றார்.

இங்கே சித்திரையில் அவ்வளவு வெயில் இருக்காது, ஆனாலும் பி.ஐ.ஆர் வேண்டாம். இன்னொரு காரணமும் உண்டு: அது ‘யாரோ அசைந்தார்’ என்று மட்டும்தான் சொல்லும், எவ்வளவு தூரத்தில் என்று சொல்லாது. தூரம் தெரியாமல் தயக்கம் செய்ய முடியாது.

தூரத்துக்கு அல்ட்ராசோனிக் சென்சார், இரண்டு கண் வைத்த மாதிரி இருக்குமே, அது. காதுக்குக் கேட்காத 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி எதிரொலி திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும். இரண்டு மீட்டரில் நிற்கிறவரிடம் போய்த் திரும்ப ஏறத்தாழ 12 மில்லி விநாடி. காகிதத்தில் நான்கு மீட்டர் வரை என்று போட்டிருப்பார்கள், ஆட்கள் விஷயத்தில் இரண்டுக்கு மேல் நம்ப வேண்டாம். ஒலி துணியில் அமுங்கிப்போகும். நானே பார்த்தேன், பருத்திச் சேலை முந்தானையை இழுத்துப் போர்த்திய பாட்டிமார்கள் அதன் கண்ணுக்கே தெரியவில்லை, பிஸ்கட் தகர டப்பா வைத்திருந்த பையனைத் தூரத்திலிருந்தே பிடித்தது. இரண்டு மூன்று வைத்தால் ஒன்றின் எதிரொலியை மற்றொன்று தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும். ஒன்றை அனுப்பி, 60 மில்லி விநாடி பொறுத்து, அடுத்ததை அனுப்புங்கள்.

லேசர் தூர சென்சார் என்று பட்டாணி அளவில் ஒன்று கிடைக்கிறது, கண்ணுக்குத் தெரியாத ஒளியால் அளப்பது. சேலை, பருத்தி எல்லாம் அதற்கு ஒன்றுதான். இரண்டு மீட்டர் போதும் என்றால் அதையே வாங்குங்கள். நல்ல வெயிலில் தூரம் குறையும், கறுப்புத் துணி கொஞ்சம் ஏமாற்றும், கற்பூரப் புகையும் ஏமாற்றும். தீபாராதனை நடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் மயிலை வைக்காதீர்கள்.

எந்தச் சென்சாரும் பொய் சொல்லும். ஐந்து முறை அளந்தால் 118, 121, 400, 119, 120 என்று வரும். சராசரி எடுத்தால் அந்த 400 எல்லாவற்றையும் கெடுத்துவிடும். வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுங்கள், 120. அப்புறம் எல்லைக்கோடு ஒன்று வைக்காதீர்கள், இரண்டு வையுங்கள். 120 செ.மீ.க்குள் வந்தால் ‘வந்தார்’, 160 தாண்டினால்தான் ‘போனார்’. ஒரே கோடு வைத்தால், கோட்டின் மேலேயே ஒருவர் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது மயில் விரித்து மூடி விரித்து மூடி பைத்தியம் பிடித்த மாதிரி ஆடும்.

இனிதான் சிற்பம். மயிலுக்கு நான்கு மனநிலை எழுதுங்கள். யாரும் இல்லாதபோது தூக்கம் அல்ல, சும்மா இருத்தல்: கழுத்து எப்போதாவது ஒரு டிகிரி, இரண்டு டிகிரி திரும்பட்டும், தோகை நுனி மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கட்டும். தூரத்தில் ஆள் தெரிந்தால் கழுத்து மட்டும் நின்று போகட்டும். அசைந்துகொண்டிருந்த ஒன்று சட்டென நின்றால், ‘பார்த்துவிட்டது’ என்று மனசு தானாக எடுத்துக்கொள்ளும். எனக்குத் தெரிந்து இதைவிடச் சிக்கனமான வித்தை கிடையாது. அந்தச் செம்புக் குத்துவிளக்கை இரண்டாம் தடவை, தலை திரும்புகிற விதமாக மாற்றி வைத்தபோது, ஒரு சின்னப் பெண் அம்மாவின் கையை இழுத்து கிரியோலில் “லி பே கெத் முவா!” என்றாள். என்னைப் பார்க்கிறது என்கிறாள். அந்த நிமிஷம் மோட்டாரில் கரண்டே போகவில்லை.

அவர் 120-க்குள் வந்து, அசையாமல் மூன்று விநாடி நின்றால் தோகை எழட்டும். வேகமாக வந்தால் எழக் கூடாது. எழும்போது நாலைந்து விநாடி எடுத்துக்கொள்ளட்டும், முதலில் மெதுவாக, நடுவில் வேகமாக, முடிவில் மறுபடி மெதுவாக. சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கிற சர்வோ மோட்டாருக்கு ‘90 டிகிரி போ’ என்று ஒரே கட்டளை கொடுத்தால் விருட்டென்று போய் முட்டி நிற்கும், பார்க்கிறவருக்கு எலிப்பொறி ஞாபகம் வரும். ஒவ்வொரு 20 மில்லி விநாடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். நாலாவது மனநிலை சலிப்பு. ஒரே ஆள் ஒரு நிமிஷத்துக்குமேல் நின்றால் தோகையை மடக்கிவிட்டு வேறு பக்கம் பார்க்கட்டும். சிரிப்பார்கள். அடுத்தவருக்கும் வழி விடுவார்கள், வரிசை நகரும். குழுவில் யாராவது ‘வந்தவர்களை அவமதிக்கிற மாதிரி இருக்குமே’ என்று சொல்வார்கள், கேட்காதீர்கள்.

இரும்பு வேலை பற்றிக் கொஞ்சம். நீலநிறச் சின்ன பிளாஸ்டிக் சர்வோ தோகையைத் தூக்காது, ஒரு நாளில் பல் தேய்ந்துவிடும். உலோகப் பல்சக்கரம் வைத்ததை வாங்குங்கள். அது முட்டி நின்றால் இரண்டரை ஆம்பியர் வரை இழுக்கும், ஆர்டுயினோ பலகையிலிருந்து அதற்குக் கரண்ட் எடுத்தால் பலகை மயங்கி மயங்கி எழும். மோட்டாருக்குத் தனி மின் சப்ளை, கிரவுண்ட் கம்பி மட்டும் இரண்டுக்கும் ஒன்று. தோகையை நேராக மோட்டாரில் மாட்டாமல் சைக்கிள் பிரேக் கேபிளால் இழுங்கள், மோட்டார் பீடத்துக்குள் மறைந்துவிடும், சத்தமும் அமுங்கும். தகடு எஃகு வேண்டாம், கடல் காற்றில் ஒரு மழைக்காலத்தில் துரு ஏறிவிடும், அலுமினியம் போதும். தோகைக் கண்களுக்கு வண்ண எல்.ஈ.டி. வைத்தால் ஒவ்வொன்றும் முழு வெளிச்சத்தில் 60 மில்லி ஆம்பியர், நூறு கண் என்றால் 6 ஆம்பியர். கணக்குப் போட்டு சப்ளை வாங்குங்கள், இல்லையென்றால் வெளிச்சத்தைக் கால்வாசியாகக் குறையுங்கள், அதுதான் அழகாகவும் இருக்கும். 230 வோல்ட் எங்கேயும் மயிலுக்குள் போகக் கூடாது, குழந்தைகள் கை வைக்காமல் இருக்க மாட்டார்கள்.

கேமரா வைக்கலாமா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். வைத்தால் கையசைப்பு, முகம் திரும்புவது எல்லாம் பிடிக்கலாம், அதற்கான இலவச மென்பொருள் நிறைய உண்டு. ஆனால் லேப்டாப் ஒன்று நாள் முழுக்க ஓட வேண்டும், வந்தவர்களைப் படம் எடுக்கிறீர்கள் என்ற பேச்சும் வரும். நம் நாட்டில் தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு 2017-ல் இயற்றிய சட்டம் இருக்கிறது. வைத்தே ஆக வேண்டுமென்றால் எதையும் சேமிக்காதீர்கள், சேமிக்கவில்லை என்று வாசலில் எழுதி வையுங்கள். முதல் மயிலுக்கு இது தேவையில்லை.

கண்காட்சி முடிந்ததும் மயிலை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று இப்போதே பேசிவிடுங்கள். சென்ஸ்டரை 1974-லேயே கழற்றிவிட்டார்கள், பராமரிக்கச் செலவு தாங்கவில்லை. எலும்புக்கூடு பல பத்தாண்டு ஒரு கம்பெனி வளாகத்தில் வெயிலிலும் மழையிலும் நின்றது. போலந்தில் க்ராகோவ் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்று அதை வாங்கிக்கொண்டு போய், 2018-ல் மறுபடி தலை தூக்க வைத்தது. மூளைக்குப் புதுக் கணினி வைத்தார்கள், உடம்பு பழைய உடம்புதான். நிரலை அச்செடுத்து, கம்பி எந்த நிறம் எங்கே போகிறது என்று படம் வரைந்து, பீடத்துக்குள் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். எழுதின பையன் ரெதுய் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போய்விட்டால் அடுத்தவனுக்கு வேண்டும்.

அலுமினியம் வெட்டுவதற்கு முன்னால் ஒரு அட்டைப்பெட்டி மயில் செய்து, ஒரு சர்வோ, ஒரு சென்சார் மாட்டி, வீட்டு வாசலில் ஒரு சாயங்காலம் வைத்துப் பாருங்கள். நீங்கள் ஒளிந்துகொள்ள வேண்டும், விளக்கம் சொல்லக் கூடாது. பக்கத்து வீட்டுப் பாட்டி என்ன செய்கிறார், எத்தனை விநாடி நிற்கிறார், எப்போது திரும்பிப் பார்க்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் மேலே சொன்ன மூன்று விநாடி, 120 செ.மீ. எல்லாம் அந்த நோட்டைப் பார்த்து மாற்ற வேண்டியவைதான்.

தோகையின் உயரமும் எடையும் நீங்கள் எழுதவில்லை. ஒரு இறகுத் தகட்டைத் தராசில் வைத்து எடையைச் சொல்லுங்கள், எத்தனை இறகு என்றும் சொல்லுங்கள், எந்த சர்வோ தாங்கும் என்று கணக்குப் போட்டு எழுதுகிறேன்.